பழுப்பேறாத உட்கரு

மார்பகக் கட்டியிலிருந்து ஊசி வழியாக எடுத்த துணுக்கை, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராத சீவல்களாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், சில கட்டிகளில் செல்களின் உட்கருக்கள் காப்பித்தூள் நிறத்தில் தெரியும். வேறு சிலவற்றில் நீலமாகவே நின்றுவிடும். முதல் வகைக்கு அறிக்கையில் ‘ஈஆர் பாசிட்டிவ்’ என்று எழுதுவார்கள். இரண்டாவதற்கு ‘ஈஆர் நெகட்டிவ்’. எந்த மருந்து பயன்படும் என்பதைச் சொல்லும் இந்த நிறம், பல வேளைகளில் இன்னொன்றுக்கும் துப்புக் கொடுக்கிறது. அந்தச் செல் தன் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் திறனை இழந்துவிட்டதா?

பழுப்பேறுவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, சுருக்கமாக ஈஆர். ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்குத்தான் ஏற்பி என்று பெயர். பிடிப்பது எளிய வேலை அல்ல. ஒரு பெண்ணின் ரத்தம் முழுவதிலும் மிதக்கும் முக்கிய ஈஸ்ட்ரோஜனைத் திரட்டினால், ஒரு பொடியுப்புத் துகளில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் தேறும். அவ்வளவு சொற்பமான பொருள் உடலில் எங்கே போகிறது என்று பார்க்க, 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் அதில் கதிரியக்க ஹைட்ரஜனைப் பொருத்தி எலிகளுக்குச் செலுத்தினார். பெரும்பாலான திசுக்கள் அதை விட்டுவிட்டன. கருப்பை போன்ற சில திசுக்கள் மட்டும் இறுகப் பிடித்து வைத்துக்கொண்டன. ஏற்பி என்று ஒன்று இருப்பது அப்படித்தான் பிடிபட்டது.

ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, டிஎன்ஏவில் தமக்குரிய எழுத்து வரிசையைத் தேடி உட்கார்ந்து, பக்கத்து மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. 2006இல் மைக்கேல் ரோசன்ஃபெல்டின் குழு இதை உற்றுப் பார்த்தபோது வியப்பான ஒன்று தெரிந்தது. மரபணுவை முடுக்குவதற்காக அந்த இடத்தில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் வேண்டுமென்றே வெட்டப்படுகின்றன! முறுக்கைத் தளர்த்தும் நொதி ஒன்று வெட்டுகிறது. பழுதுபார்ப்பில் பங்குள்ள பார்ப்-1 என்ற புரதமும் அங்கே வந்து நிற்கிறது. அதாவது, ஹார்மோனுக்குச் செவிசாய்க்கும் செல்லுக்குத் தையல்காரர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

தைக்க வேண்டிய துணியின் அளவையும் பார்த்துவிடலாம். உட்கருவைச் சாத்துக்குடி அளவுக்குப் பெரிதாக்கினால், உள்ளே மடிந்திருக்கும் டிஎன்ஏ தலைமுடியைவிட மெல்லிய 20 கிலோமீட்டர் நூலாக இருக்கும். அதன் நீளத்தை நடந்து கடக்க ஐந்து மணி நேரமாகும். தாய்வழி வந்த 300 கோடி எழுத்துகளை மட்டும் நொடிக்கு ஒன்றாக, இரவு பகல் பாராமல் படித்தால் 95 ஆண்டுகள். தந்தைவழிப் பிரதி தனி. இந்த நூலில் நாளொன்றுக்குப் பல ஆயிரம் சிறு பழுதுகள் விழுகின்றன. பெரும்பாலானவை ஒற்றை இழையில் வருபவை. எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

இரண்டு இழைகளும் அறுந்தால்தான் ஆபத்து. அவசரத்துக்கு முனைகளை அப்படியே ஒட்டிவிட ஒரு வழி இருக்கிறது, ஆனால் ஒட்டும் இடத்தில் எழுத்துகள் தொலையலாம். மற்றது நிதானமான வழி. பிரிவதற்கு முன் செல் தன் டிஎன்ஏவைப் படியெடுத்து வைத்திருக்குமே, அந்தப் பிரதியைப் பார்த்து விட்டுப்போனதை நிரப்புவது. செல்லரித்த ஏட்டின் விடுபட்ட எழுத்துகளைப் பதிப்பாசிரியர் வேறொரு பிரதி கொண்டு நிரப்புவது போன்ற வேலை. பிஆர்சிஏ-1 என்ற புரதம் இந்த வழியைத் தேர்ந்து, அறுந்த முனையைச் சீவ உதவுகிறது. பிஆர்சிஏ-2, ராட்-51 என்னும் மூலக்கூறுகளைக் கொண்டுவந்து சீவிய இழைமேல் வரிசையாக ஏற்றுகிறது. கவசம் பூண்ட அந்த இழை கோடிக்கணக்கான எழுத்துகளுக்கிடையே துழாவித் தன் இணையைக் கண்டுபிடித்துவிடுகிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பு அடங்குவதில்லை.

மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவதைத் தொடர்ந்த மேரி கிளேர் கிங், காரணமான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் காட்டினார். அதுதான் பிஆர்சிஏ-1 புரதத்தை உருவாக்கும், அதே பெயர் கொண்ட மரபணு. இதில் பழுதோடு பிறந்தவர்களுக்கு வரும் மார்பகக் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு, ‘டிரிபிள் நெகட்டிவ்’. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டரோன் ஏற்பி, ஹெர்-2 என்ற புரதம் ஆகிய மூன்றுக்கான சோதனையிலும் நெகட்டிவ் என்று பொருள். பிஆர்சிஏ-2 பழுதானவர்களிலோ நான்கில் மூன்று கட்டிகள் ஈஆர் பாசிட்டிவ். பொதுவாகப் பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயிலும் விகிதம் ஏறக்குறைய இதுவே. ஒரே பட்டறையின் இரண்டு ஆட்கள். ஒருவர் போனால் ஏற்பி காணாமல் போகிறது. மற்றவர் போனால் அது அசையாமல் இருக்கிறது. ஏன்?

பிஆர்சிஏ-1க்கு வேறு வேலைகளும் உண்டு என்பதே விடை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் வாசலில் அது அமர்ந்து, அதை இயங்கவைக்கிறது என்று 2007இல் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் கண்டார்கள். மார்பகத்தின் பால்குழாய்ச் செல்கள் பிறக்கும்போதே ஏற்பியோடு பிறப்பதில்லை. ஏற்பியற்ற இளம் செல்களில் ஒரு பகுதிதான் முதிர்ந்து ஏற்பி பெறுகிறது. பிஆர்சிஏ-1 பழுதை மரபாகப் பெற்ற பெண்களின் மார்பகத்தில் இந்த இளம் செல்கள் இயல்பு மாறிப் பெருகியிருப்பதை, மெல்பர்னில் ஜேன் விஸ்வேடர், ஜெஃப் லின்டெமன் குழு 2009இல் காட்டியது. அந்த இளம் செல்களிலிருந்துதான் கட்டி தொடங்குகிறது என்பது இன்று வலுவான கருத்து. செல்லின் பழுதுபார்ப்பவரே அதன் வளர்ப்பாளராகவும் இருந்திருக்கிறார்.

பிஆர்சிஏ இழந்த செல்லால் அறுபடலைச் சரியாகத் தைக்க முடியாது என்ற பலவீனத்தைச் சிகிச்சையாக மாற்றிய யோசனை அழகானது. பார்ப்-1 ஒற்றை இழைப் பழுதுகளையும் கவனிக்கிறது. அதை மருந்தால் முடக்கினால், செல் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது சிறு பழுதுகள் இரட்டை அறுபடலாக முற்றிவிடும். நல்ல செல்லில் பிஆர்சிஏ மரபணுவின் ஒரு பிரதியாவது வேலை செய்வதால் அது தைத்துக்கொள்ளும். இரண்டு பிரதிகளையும் இழந்த புற்றணுவுக்கு வழியில்லை, மடிகிறது. பார்ப்-1, பிஆர்சிஏ ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் போனால் செல் பிழைக்கும், இரண்டும் போனால் சாகும் இந்த நிலையைச் சேர்க்கை மரணம் எனலாம். 2005இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே, ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் அறிவித்தன.

அவ்வழியில் வந்த ஓலாபரிப் என்ற மருந்து, பிஆர்சிஏ பழுதை மரபாகப் பெற்றவர்களின், ஹெர்-2 இல்லாத, பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உட்கரு பழுப்பா நீலமா என்று அந்த மருந்து கேட்பதில்லை. ஈஆர் பாசிட்டிவ் நோயாளிகளும் அந்த அனுமதிக்குள் வருகிறார்கள்.

டிரிபிள் நெகட்டிவ் என்றதும் மரபணுச் சோதனைக்கு எழுதிக்கொடுக்கும் வழக்கம் நல்லதே. ஆனால் பழுப்பேறிய தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிஆர்சிஏ-2 பழுதை அந்தத் தகடு ஒருபோதும் சொல்லாது என்பதுதான் என் கவலை. குடும்பத்தில் அம்மாவுக்கோ அத்தைக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று கேட்டு, ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதில் பழுது இருந்தால் உடன்பிறந்த அக்கா, தங்கை, அண்ணன், தம்பி ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆண்களை விட்டுவிடக் கூடாது. பிஆர்சிஏ-2 பழுது அவர்களுக்கு மார்பகத்திலும் புராஸ்டேட்டிலும் புற்றுநோய் வரும் அபாயத்தைக் கூட்டுகிறது.