எர்த் குழி மட்டும் போதுமா?

கிரைண்டரைத் தொட்டால் சுரீரென்கிறது. உடனே காலில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மாவாட்டுவது நம் வீடுகளில் கைவைத்தியம். உள்ளே ஏதோ ஒரு ஒயரின் காப்பு கெட்டு, மின்சாரம் உலோக உடலுக்கு வந்துவிட்டது என்பதுதான் அந்தச் சுரீருக்குப் பொருள்.

மூன்று பின் பிளக்கில் நீண்டு தடித்திருக்கும் பின் இதற்காகவே இருக்கிறது. செருகும்போது அதுதான் முதலில் தொடும்; கழற்றும்போது கடைசியாக விடும். அதிலிருந்து புறப்படும் பச்சை ஒயர் மெயின் போர்டு வழியாகப் போய், மண்ணில் இறக்கிய ஜி.ஐ. பைப்பில் முடிகிறது. சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டுவது ஈரத்தைப் பிடித்துவைத்து மண்ணின் மின்தடையைக் குறைக்க. கோடையில் குழி காய்ந்தால் தடை ஏறும். அதனால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அழகுக்காக அதன்மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பவர்களை என்ன சொல்வது!

குழி இருக்கிறதே என்று பலர் இத்துடன் நிம்மதியாகிவிடுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. மண்வழிப் பாதையின் மொத்தத் தடை 20 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது 11.5 ஆம்பியர்தான். மின்னோட்டம் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. கிரைண்டரின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும்.

இந்த ஓட்டையை அடைப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. பேஸில் போன மின்சாரம் முழுதும் நியூட்ரலில் திரும்பியதா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் வகை. அவ்வளவு கசிந்தாலே 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரை இதுவும் காப்பாற்றாது. அங்கே மண்ணுக்குக் கசிவதே இல்லையே.

எர்த் ஒயர் இழுக்கச் சோம்பி, பிளக் பாயின்ட்டிலேயே எர்த்தை நியூட்ரலோடு முறுக்கிவிடுபவர்கள் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஃப்ரிட்ஜின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறும். இது வேலையல்ல, குற்றம்.

இடி மின்னலின்போது கம்பி வழியே பாயும் அதிரடி மின்னழுத்தத்தைத் தடுக்கும் எஸ்.பி.டி. கருவிக்கும் எர்த் வேண்டும். அதிகப்படியை அது மண்ணுக்குத்தான் தள்ளுகிறது. இங்கே ஒயரின் நீளமும் முக்கியம். மின்னலின் வேகத்தில் ஏறும் மின்னோட்டத்துக்கு ஒரு மீட்டர் ஒயரே ஏறக்குறைய ஆயிரம் வோல்ட்டைக் கூட்டிவிடும். எனவே அதன் இணைப்பு ஒயர்களைக் குட்டையாக, வளைவில்லாமல் போடச் சொல்லுங்கள். நேராக வீட்டின்மேல் விழும் இடிக்கு இது போதாது. அதற்கு இடிதாங்கியும் வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டிரிப் ஆகவில்லையென்றால் அன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் எர்த் தடையையும் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.