சின்ன கேபினட்டுக்குள் நான்கு ஃபேன்: மின்சாரம் எங்கிருந்து? கட்டுப்பாடு எங்கிருந்து?

கோடை வந்துவிட்டால் தர்மபுரி மாவட்டத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு புதுத் தலைவலி வந்து சேர்கிறது. காலையில் நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், மதியம் இரண்டு மணிக்கு மேல் மெதுவாகிவிடும். சில சமயம் தானாகவே அணைந்துவிடும். வைரஸாக இருக்குமோ என்று பயந்து விண்டோஸை மறுபடியும் இன்ஸ்டால் செய்பவர்களும் உண்டு. ஆனால் கோளாறு பெரும்பாலும் வெப்பத்தில்தான் இருக்கும்.

பாலக்கோடு அருகே என் உறவினர் வீட்டில் இதுதான் நடந்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. மேஜையில் இடம் அடைக்கக் கூடாது என்று சிறிய கேபினட்டில் அசெம்பிள் செய்த புதுக் கம்ப்யூட்டர். மே மாதத்தில் ஒரு மதியம், பையன் பொறியியல் கலந்தாய்வுக்கு இணையத்தில் விவரங்களைப் பதிந்துகொண்டிருந்தபோது திரை இருண்டுவிட்டது. திறந்து பார்த்தால் நான்கு கேபினட் ஃபேன்களும் நின்றுபோயிருந்தன. விளக்கு பொருத்திய அந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மதர்போர்டின் ஒரே ஹெடரில் மாட்டியிருந்தார்கள். பாரம் தாங்காமல் ஹெடர் போய்விட்டது. பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கம்ப்யூட்டரை அணைத்திருக்கிறது.

உங்களுக்கு இந்த நிலை வராமலிருக்க, ஃபேன்களுக்கு மின்சாரம் எப்படித் தர வேண்டும், வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பார்ப்போம்.

சின்ன கேபினட்டில் என்ன சிரமம்?

மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டின் அளவு 17 செ.மீ.க்கு 17 செ.மீ.தான். இடம் குறைவு என்பதால் ஃபேன் மாட்டும் ஹெடர்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்றுதான் இருக்கும். ஆனால் பெட்டி சிறியது என்பதால் வெப்பம் சீக்கிரம் தேங்கும். ஃபேன்களோ கூடுதலாகத் தேவைப்படும்.

ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, நகர்த்த மட்டுமே செய்கிறது. அறையில் 38 டிகிரி இருந்தால் கேபினட்டுக்குள் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். பட்டுப்புழு மனை கட்டுகிறவர்கள் எதிரெதிரே ஜன்னல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேறினால்தான் புழுக்கம் போகும். கேபினட்டும் அப்படித்தான். முன்புறமும் அடியிலும் உள்ள ஃபேன்கள் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்புறமும் மேலேயும் உள்ளவை வெளியே தள்ள வேண்டும். ஃபேனில் சட்டக் கம்பிகள் தெரியும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். சிலவற்றில் அம்புக்குறியும் இருக்கும்.

மூன்று பின், நான்கு பின்

கேபினட் ஃபேன்கள் பொதுவாக 12 வோல்ட்டில் இயங்குபவை. மூன்று பின் ஃபேனில் ஒன்று கிரவுண்டு, அடுத்தது 12 வோல்ட், மூன்றாவது ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் வயர். இதன் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் வோல்டேஜைத்தான் குறைக்க வேண்டும்.

நான்கு பின் ஃபேனில் கூடுதலாக ஒரு கட்டுப்பாட்டு வயர் உண்டு. இதில் 12 வோல்ட் குறையாமல் வந்துகொண்டேயிருக்கும். நான்காவது வயரில் விநாடிக்குச் சுமார் 25,000 முறை விட்டுவிட்டு வரும் சிக்னல்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இந்த முறைக்கு பி.டபிள்யூ.எம். என்று பெயர். புதிதாக வாங்குபவர்கள் நான்கு பின் ஃபேன்களையே கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் பின்னால் சிரமம் இருக்காது.

ஒரு ஹெடர் எவ்வளவு தாங்கும்?

பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரு ஃபேன் ஹெடர் 1 ஆம்பியர், அதாவது 12 வாட் வரைதான் தாங்கும். உங்கள் போர்டின் அளவு அதன் கையேட்டில் இருக்கும். ஃபேனின் நடுவில் ஒட்டியுள்ள லேபிளில் ஆம்பியர் அளவு அச்சிடப்பட்டிருக்கும். கூட்டிப் பாருங்கள், அவ்வளவுதான்.

0.15 ஆம்பியர் ஃபேன்கள் மூன்று என்றால் 0.45. கவலையில்லை. உறவினர் வீட்டில் இருந்தவை ஒவ்வொன்றும் 0.35 ஆம்பியர். நான்குக்கு 1.4. ஹெடர் தாங்காததில் வியப்பில்லை. ஃபேன் சுற்றத் தொடங்கும் நொடியில் இன்னும் அதிக மின்சாரம் இழுக்கும். எனவே கூட்டுத்தொகை 0.7 ஆம்பியரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்பிளிட்டரா, ஹப்பா?

இரண்டு சிறிய ஃபேன்களை ஒரே ஹெடரில் மாட்ட ஒய் வடிவ ஸ்பிளிட்டர் கேபிள் போதும். மூன்று, நான்கு என்று போனால் ஃபேன் ஹப் வாங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் சாட்டா பவர் கேபிளை இதில் செருகினால் மின்சாரம் முழுவதும் அங்கிருந்து வந்துவிடும். மதர்போர்டிலிருந்து வேகத்துக்கான சிக்னல் மட்டுமே வரும். ஹெடருக்குப் பாரமே இல்லை. நாங்கள் செய்த தீர்வும் இதுதான். போன ஹெடர் போனதுதான். நல்லவேளையாக இன்னொரு ஹெடர் மிச்சமிருந்தது.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, சாட்டா பவரில் இயங்கும் பி.டபிள்யூ.எம். ஹப்பில் மூன்று பின் ஃபேனை மாட்டினால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். இரண்டு, ஹப்பில் ஒரு ஃபேனின் வேகத்தை மட்டுமே மதர்போர்டு அறியும். ஆகவே பிராசஸர் ஃபேனை ஹப்பில் மாட்டாமல் நேராக சி.பி.யு. ஃபேன் ஹெடரிலேயே மாட்டுங்கள். அது நின்றால் எச்சரிக்கை கிடைக்க வேண்டும். மூன்று, வண்ண விளக்குகளுக்கான கனெக்டர்களில் 5 வோல்ட், 12 வோல்ட் என இரு வகை உண்டு. 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும்.

வேகத்தை அமைப்பது எப்படி?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். அசூஸ் போர்டுகளில் க்யூ-ஃபேன், கிகாபைட் போர்டுகளில் ஸ்மார்ட் ஃபேன் என்று ஒரு பகுதி இருக்கும். நான்கு பின் ஃபேனுக்கு பி.டபிள்யூ.எம்., மூன்று பின் ஃபேனுக்கு டி.சி. என்று தேர்ந்தெடுங்கள். மூன்று பின் ஃபேனுக்கு மிகக் குறைந்த வேகம் வைக்காதீர்கள். வோல்டேஜ் போதாமல் சுற்றாமலே நின்றுவிடலாம்.

அடுத்து, எந்த வெப்பத்தில் எந்த வேகம் என்று நிரப்ப வேண்டும். 50 டிகிரி வரை 40 சதவீதம், 65இல் 60 சதவீதம், 75இல் 80 சதவீதம், 85இல் 100 சதவீதம் என்று தொடங்கிப் பாருங்கள். தொடக்கப் புள்ளியை 40 டிகிரிக்குக் கீழே வைத்தால் நம் ஊர்க் கோடையில் ஃபேன் ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் செலவாகும் மின்சாரம் எட்டில் ஒரு பங்கை ஒட்டிக் குறையும், சத்தமும் வெகுவாக அடங்கும். அதனால் ஒரு ஃபேனை வேகமாக ஓட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓட்டுவதே சிறந்தது.

தூசியை மறந்துவிடாதீர்கள்

உள்ளே இழுக்கும் ஃபேன்கள், வெளியே தள்ளுபவற்றைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். அவற்றுக்கு வலை ஃபில்டர் போடுங்கள். அப்போது இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழைவது குறைந்து, பெரும்பகுதி வலையிலேயே தங்கிவிடும். மாதம் ஒருமுறை வலையைக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். உட்புறத்தைச் சுத்தம் செய்யும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் வேகமாகச் சுற்றும் ஃபேன் தானே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பக்கூடும்.

பாலக்கோட்டுப் பையன் அன்று மாலை பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவை முடித்துவிட்டான். கடைசி நாளாக இருந்திருந்தால்? அடுத்த கோடைக்குக் காத்திருக்காமல் இன்றே கேபினட்டைத் திறந்து, ஃபேன் லேபிள்களில் உள்ள ஆம்பியர்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.