கருப்பட்டிக் காப்பியும் கண்ணுக்குத் தெரியாத இன்சுலினும்

உடன்குடிப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் கருப்பட்டிக் காப்பி வரும். "எனக்கு சுகர் இருக்கு"ன்னு தயங்கினால், "சீனிதானே கெடுதல், இது கருப்பட்டி, ஒண்ணும் செய்யாது, குடிங்க" என்பார்கள். 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் இந்த நம்பிக்கை இன்னும் கூடியிருக்கிறது.

கருப்பட்டி என்பது சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதனீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது. கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, மணம் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ். சீனியும் அதே சுக்ரோஸ்தான்.

"அப்போ அந்தக் காலத்துல எல்லாரும் சாப்பிட்டாங்களே?" நியாயமான கேள்வி. பதில் கருப்பட்டியில் இல்லை, பனையேறியின் தொடையில் இருக்கிறது. பருவகாலத்தில் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குகிறவர் அவர். வேலை செய்கிற தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நாம் நாற்காலியில் உட்கார்ந்து அதே காப்பியைக் குடிக்கிறோம். சர்க்கரை முழுக்க இன்சுலின் பொறுப்பில் விழுகிறது.

வருடக்கணக்கில் இப்படியே போனால், வயிற்றைச் சுற்றிலும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர, தசையும் ஈரலும் இன்சுலின் பேச்சைக் கேட்பது குறைகிறது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் விடுவதில்லை, கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. அதனால் வெறும் வயிற்று சுகர் பல வருடம் 'நார்மல்' என்றே வரும். சிக்கலே இங்கேதான். ரிப்போர்ட் நல்லா இருக்கும்போதே இதயத்துக்கான கெடுதல் தொடங்கிவிடுகிறது.

எப்படி? கொழுப்பு செல்களை இன்சுலின் கட்டுப்படுத்த முடியாமல் போக, கொழுப்பு அமிலங்கள் ஈரலுக்குள் கொட்டுகின்றன. ஈரல் அதை டிரைகிளிசரைடாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைகிறது. எல்டிஎல் துகள்கள் சிறுத்து, இரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழைகின்றன. சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்க, பிரஷர் ஏறுகிறது. 1988-ல் ஜெரால்ட் ரீவன் இந்தக் கூட்டத்துக்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார்.

நமக்கு இது கூடுதல் கவலை. 2004-ல் லான்செட் இதழில் வந்த ஒரு படம் பிரபலம். புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்ற நாட்டவர்களுக்கு 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். "குண்டா இல்லையே, எனக்கெதுக்கு?" என்பது நமக்குச் செல்லாத ஆறுதல்.

சரி, திருப்ப முடியுமா? முடியும். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்தது. சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடை, உணவு மாற்றம் செய்தவர்களில் 39.3. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-ல் தொடங்கிய இதே மாதிரி ஆய்வில், ஆறு வருட வாழ்க்கைமுறை மாற்றத்தின் பலன் 30 வருடம் கழித்தும் தெரிந்தது: இதய, இரத்தக்குழாய் நோயால் வரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

ஆகவே அடுத்த முறை சுகர் ரிப்போர்ட்டோடு நிறுத்தாதீர்கள். ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. கொழுப்புப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு 150-க்கு மேலும், எச்டிஎல் ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழும் இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கருப்பட்டியை விரோதியாக்க வேண்டியதில்லை. அதை மருந்தாக்காமல் இருந்தால் போதும். சர்க்கரை நோய் இல்லாதவர் எப்போதாவது ஒரு டம்ளர் ரசித்துக் குடிக்கலாம். குடித்துவிட்டு உட்காராமல் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். பனை ஏறத்தான் நமக்குத் தெரியாது, நடக்கவாவது தெரியுமே.