சென்னையின் குப்பை: பிரிப்பும் பயணமும்

சென்னை மாநகராட்சி ஒவ்வொரு நாளும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை அள்ளுகிறது. 2011இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த நகரம் இது. வீடு, கடை, ஓட்டல், சந்தை, கல்யாண மண்டபம், மருத்துவமனை, கட்டடம் எழும்பும் மனை என்று குப்பை சேரும் இடங்கள் பல. எல்லாவற்றையும் ஒன்றாக லாரியில் ஏற்றி ஊர் ஓரத்தில் கொட்டுவதுதான் நெடுங்கால வழக்கம். இன்றைய விதிகள் அதை மாற்றப் பார்க்கின்றன. ஒரு பொருள் அடுத்து எங்கே போக வேண்டுமோ அதை வைத்தே அதன் வகை முடிவாகிறது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அதைத் தூக்கி எறிபவர்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, டீத்தூள், பூ, இலை ஆகியவை மக்கும் குப்பை. இவற்றுக்குப் பச்சைத் தொட்டி. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம், துணி ஆகியவை மக்காத உலர் குப்பை. இவற்றுக்கு நீலத் தொட்டி. காகிதம் மக்கும் பொருள்தானே என்ற கேள்வி பலருக்கு எழும். மக்கும் என்றாலும், காய்ந்த நிலையில் அதை மறுபடி காகிதமாக்க முடியும் என்பதால் அது நீலத் தொட்டிக்குப் போகிறது. மூன்றாவது, வீட்டில் சேரும் அபாயகரமான குப்பை: டியூப் லைட், பேட்டரி, பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து, காலாவதியான மாத்திரை, உடைந்த பாதரச வெப்பமானி. சானிட்டரி நாப்கினையும் டயாப்பரையும் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறின. 2026இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் இந்தச் சுகாதாரக் கழிவைத் தனி வகையாக்கிப் பிரிப்பை நான்காக்கியுள்ளன. நாப்கினைக் கையால் தொட்டுப் பிரிக்க நேரும் தூய்மைப் பணியாளரை நினைத்தால், இது என்றோ வந்திருக்க வேண்டிய மாற்றம்.

மக்கும் குப்பைதான் எடையில் பெரும்பங்கு. இந்திய வீடுகளின் குப்பையில் ஏறக்குறையப் பாதி அதுவே. தனியாகக் கிடைத்தால் அதைக் கையாள்வது எளிது. மாநகராட்சி பல வார்டுகளில் சிறு உர மையங்களை நடத்துகிறது. அங்கே குப்பையைத் துண்டாக்கித் தொட்டிகளில் அடுக்கி, ஈரம் குறையாமல் அவ்வப்போது கிளறிவிடுகிறார்கள். காற்று கிடைக்கும்போது நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகுகின்றன. குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் கொல்ல அந்தச் சூடு போதும். சில வாரங்களில் மண்வாசம் வீசும் உரம் கிடைத்துவிடும். அதே குப்பையோடு ஒரு உடைந்த பல்பும் நான்கு பேட்டரியும் சேர்ந்துவிட்டால், கண்ணாடித் துகளும் கன உலோகமும் உரத்துக்குள் போய்விடுகின்றன. அத்தகைய உரத்தை எந்த விவசாயியும் தன் நிலத்தில் போட மாட்டார்.

இன்னொரு வழி எரிவாயு. காற்றுப் புகாத கலனில் ஈரக் குப்பையை அடைத்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. 1996இல் திறக்கப்பட்ட கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க, நாளொன்றுக்கு 30 டன்னைக் கையாளும் ஆலை அங்கேயே அமைக்கப்பட்டது. ஒரே வகைக் குப்பை ஓரிடத்தில் குவிவதால், இந்த முறைக்குச் சந்தையைவிடத் தோதான இடம் கிடையாது.

உலர் குப்பையின் கதை வேறு. மாநகராட்சி தொட்டி வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அதைப் பிரிப்பதற்கு ஓர் ஏற்பாடு நகரத்தில் இருந்தது. தெருவில் குரல் கொடுத்துவரும் பழைய பேப்பர்காரர், தொட்டிகளில் பொறுக்கிச் சேர்ப்பவர், காயலான் கடைக்காரர், அவரிடம் மொத்தமாக வாங்கும் வியாபாரி, கடைசியில் ஆலை என்று கைமாறிப் போகும் சங்கிலி அது. ஒவ்வொரு கையிலும் பிரிப்பு நுணுக்கமாகிறது. வீட்டுக்காரருக்கு எல்லாம் பிளாஸ்டிக்தான். காயலான் கடையில் பால் கவர், தண்ணீர் பாட்டில், வாளி, குழாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. தண்ணீர் பாட்டிலைக் கழுவிச் சில்லுகளாக்கி, உருக்கி, பாலியெஸ்டர் இழையாக நூற்கிறார்கள். சாம்பார் ஊறிய அட்டைப்பெட்டியை அதே கடைக்காரர் திருப்பித் தந்துவிடுவார். சம்பளம் இல்லாமல், கையுறைகூட இல்லாமல் இந்த வேலையைச் செய்தவர்களால்தான் நகரத்தின் குப்பைமேடு இன்னும் உயராமல் இருந்தது. குப்பை பொறுக்கி வாழ்வோரை உள்ளாட்சிகள் அங்கீகரித்துத் தம் ஏற்பாட்டில் இணைக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொன்னது அவர்களுக்குச் சேர வேண்டிய நியாயத்தின் தொடக்கம் மட்டுமே.

காயலான் கடையும் தீண்டாத பொருள் ஒன்று உண்டு: ஷாம்பூ பாக்கெட், சிப்ஸ் பாக்கெட் போன்றவை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மெல்லிய அடுக்குகளாக ஒட்டியிருப்பதால் இவற்றைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. இவை சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகப் போகின்றன. சில பொருள்களை உண்டாகாமலே தடுப்பதுதான் வழி என்று தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது.

குப்பையை வாங்கிச் செல்ல வீடுதோறும் பேட்டரி வண்டிகள் வருகின்றன. அவற்றில் பச்சை, நீலத் தொட்டிகள் தனித்தனியே இருக்கும். அங்கிருந்து குப்பை காம்பாக்டர் லாரிக்கும், பிறகு மாற்று நிலையத்துக்கும் போய்ப் பெரிய வண்டிகளில் ஏறுகிறது. இந்தப் பயணத்தில் எங்காவது ஓரிடத்தில் இரண்டும் ஒரே லாரியில் கொட்டப்பட்டால், அதற்கு முன் வீட்டிலும் வண்டியிலும் பிரித்த உழைப்பெல்லாம் வீண். பிரித்துக் கொடுத்த குப்பை கலக்கப்படுவதைக் கண்ணால் பார்த்த குடும்பம் மறுநாள் பிரிக்காது. ஆகவே லாரியையும் பிரித்தே ஓட்டுவது தொட்டி கொடுப்பதைவிட முக்கியமானது.

வணிக இடங்கள், பெரிய குடியிருப்புகள் ஆகியவற்றின் குப்பைக்கு அளவுகோலாக இருந்தது எடை. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் ஓட்டல், மால், விடுதி, பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றை 2016 விதிகள் பெருமளவு குப்பை உருவாக்குவோர் என்று வகுத்தன. மக்கும் குப்பையை முடிந்தவரை தம் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றுவது இவர்கள் பொறுப்பு. ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெய்க்குத் தனிக் கணக்கு உண்டு. திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெயில் சேரும் தீங்கான சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால், அதை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அப்படிக் கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்குகிறார்கள்.

மருத்துவமனையில் சேரும் மருத்துவக் கழிவு மாநகராட்சி வண்டியில் ஏறவே கூடாது. அது மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற தனி நிறப் பிரிப்போடு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. கட்டட இடிபாடுகளைப் பொடித்து மணலும் ஜல்லியுமாக மாற்றும் ஆலைகள் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் உள்ளன. தீபாவளி முடிந்த கையோடு பட்டாசுக் குப்பையையும் தனியே அள்ளுகிறார்கள்; ரசாயனம் கலந்த அது கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பப்படுகிறது.

இவற்றில் எதிலும் சேராமல் கலந்துபோனது கிடங்குக்குச் செல்கிறது. வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்கு, தென்சென்னையின் குப்பை பெருங்குடிக்கு. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியைத் தின்று வளர்ந்தது; எஞ்சிய சதுப்பு 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக, அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கிடங்கில் பற்றிய தீ சில நாள்கள் எரிந்தது. காற்றுப் புகாமல் அழுத்தப்பட்ட ஈரக் குப்பை மீத்தேனை வெளிவிடுகிறது என்பதால், இத்தகைய மேடுகளில் ஒரு பொறிகூட ஆபத்து. மழைக்காலத்தில் குப்பையினூடே கசிந்து கறுப்பாக வடியும் நீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. கிடங்கை ஒட்டி வாழும் எளிய மக்கள், தாம் உண்டாக்காத குப்பைக்குத் தம் மூச்சாலும் கிணற்றாலும் விலை கொடுக்கிறார்கள்.

இரு கிடங்குகளிலும் இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் பணி நடக்கிறது. முதலில் பெருங்குடியிலும் பின்னர் கொடுங்கையூரிலும் இது தொடங்கியது. தோண்டிய குப்பையை நுண்ணுயிர்க் கலவை தெளித்து உலர்த்தி, சுழலும் பெரிய சல்லடைகளில் சலிக்கிறார்கள். மண் போன்ற துகள் தாழ்ந்த நிலங்களை நிரப்பப் போகிறது. கல்லும் கண்ணாடியும் ஒருபுறம் ஒதுங்குகின்றன. மட்கிப்போகாத பிளாஸ்டிக்கும் துணியும் கட்டுகளாகச் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி ஏறுகின்றன. சமையலறையில் இரண்டு தொட்டி வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் பிரிப்பு, பல ஆண்டுகள் கழித்து இயந்திரங்களாலும் கோடிக்கணக்கான ரூபாய் செலவிலும் செய்யப்படுகிறது. அந்தத் தாமதத்தில் பிளாஸ்டிக் தன் மறுசுழற்சி மதிப்பையும், உணவுக் கழிவு உரமாகும் தகுதியையும் இழந்துவிட்டன.