விசிலும் வசையும்

கூடைப்பந்து அரங்கில் ரசிகர்கள் வரம்பு மீறும்போதெல்லாம் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: நடுவர் ஒழுங்காக விசில் ஊதியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா? கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் நடந்த பேர்போன ரகளைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றுக்கும் நடுவரின் தீர்ப்புக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. நடுவர்மேல் உண்மையிலேயே கோபப்பட இடமிருந்த ஆட்டங்களில் ரசிகர்கள் கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ரகளையும் நடுவர்மேல் உள்ள அவநம்பிக்கையும் வெவ்வேறு இடத்திலிருந்து வருபவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில் லாபம் இரண்டு பேருக்கு: ரகளை செய்தவனுக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது, நியாயமான புகாரையும் அடாவடி என்று ஒதுக்கிவிட லீக் நிர்வாகத்துக்கு வழி கிடைக்கிறது.

என்.பி.ஏ. வரலாற்றிலேயே மோசமானதாகச் சொல்லப்படும் கலவரம் 2004 நவம்பர் 19 அன்று, டெட்ராய்ட் நகரை அடுத்த ஆபர்ன் ஹில்ஸில் இருந்த பேலஸ் அரங்கில் நடந்தது. ஆட்டம் முடிய 45.9 வினாடிகளே மீதி. விருந்தினராக வந்த இண்டியானா பேசர்ஸ் 97-82 என்று முன்னிலையில் இருந்தது. முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்ட ஆட்டம். இண்டியானாவின் ரான் ஆர்டெஸ்ட் தேவையே இல்லாமல் டெட்ராய்ட் அணியின் பென் வாலஸை முரட்டுத்தனமாக மறித்தார். நடுவர் விசில் ஊதினார், சரியாகவே ஊதினார். வாலஸ் திரும்பி ஆர்டெஸ்டைத் தள்ள, தள்ளுமுள்ளு தொடங்கியது. அது தணியும் நேரத்தில், ஓரத்து மேசைமேல் மல்லாந்து படுத்திருந்த ஆர்டெஸ்டின்மேல் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு குளிர்பானக் கோப்பை வந்து விழுந்தது. அவர் எழுந்து கூட்டத்துக்குள் பாய்ந்தார். பிடித்ததோ வேறு ஆளை. ஒன்பது வீரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆர்டெஸ்ட் பிளே-ஆஃப் உட்பட 86 ஆட்டங்களை இழந்தார். கோப்பையை வீசியவர் சிறை போனார். அதன்பின் லீக் கொண்டுவந்த மாற்றங்களைக் கவனிக்க வேண்டும்: கடைசிக் கால்பகுதியில் மது விற்பனை கிடையாது, கோப்பையின் அளவுக்கு உச்சவரம்பு, பார்வையாளர்களுக்கு நடத்தை விதிகள். எல்லாமே மதுவையும் காவலையும் பற்றியவை. நடுவர் முறையில் யாரும் கைவைக்கவில்லை. வைக்கக் காரணமும் இருக்கவில்லை.

2021 மே மாதமும் இதே கதைதான். கொரோனாவுக்குப் பின் அரங்குகள் மீண்டும் நிறையத் தொடங்கிய நேரம். மே 26 அன்று ஒரே இரவில் மூன்று ஊர்களில் கெட்ட பெயர். ஃபிலடெல்ஃபியாவில், கணுக்காலில் அடிபட்டு உள்ளே போய்க்கொண்டிருந்த ரஸல் வெஸ்ட்புரூக்கின் தலையில் பாப்கார்னைக் கொட்டினார்கள். நியூயார்க்கில் டிரே யங் மீது எச்சில் துப்பினார் ஒருவர். யூட்டாவில் ஜா மொரான்ட்டின் குடும்பத்தார் வசைகளைக் கேட்க நேர்ந்தது. நான்கு நாள் கழித்து, பாஸ்டனில் ஜெயித்துவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த கைரி இர்விங்கை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது. இவற்றில் எதையும் விசில் தூண்டவில்லை. அடிபட்டவன், தனியே நிற்பவன், வென்றுவிட்டுப் போகிறவன், பார்வையாளனாக வந்த உறவினர் என்று எட்டும் தூரத்தில் கிடைத்தவர்கள்மேல் பாய்ந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது உண்மையான புகார்களுக்கு வருவோம். 2002 மே 31, லாஸ் ஏஞ்சலஸ். லேக்கர்ஸுக்கும் சாக்ரமெண்டோ கிங்ஸுக்கும் இடையே மேற்கு மண்டல இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. நான்கே புள்ளிகளில் அவர்கள் வென்றார்கள். சாக்ரமெண்டோக்காரர்கள் இன்றும் ஆறாத அந்த ஆட்டத்தைப் பற்றி, நுகர்வோர் உரிமைக்குப் போராடிய ரால்ஃப் நேடர் லீக் ஆணையர் டேவிட் ஸ்டெர்னுக்குக் கடிதமே எழுதினார். அது சொந்த ஊர் அணிக்குச் சாதகமான ஆட்டம், அரங்கில் யார் ரகளை செய்வார்கள் என்று கேட்கலாம். சரி, இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம் சாக்ரமெண்டோவிலேயே நடந்தது. கூடுதல் நேரத்தில் கிங்ஸ் தோற்றது. பேலஸ் அரங்கில் நடந்ததுபோல் அங்கே எதுவும் நடக்கவில்லை. 2007-இல் வெடித்த டிம் டோனகி விவகாரம் இன்னும் பெரியது. தான் நடுவராக இருந்த ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதும், சூதாடிகளுக்குத் துப்புக் கொடுத்ததும் வெளிவந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2004 கலவர ஆட்டத்தின் மூன்று நடுவர்களில் இவரும் ஒருவர் என்பது விசித்திரமான தற்செயல்.

டோனகியைக் காட்டித்தான் பலரும் வாதாடுகிறார்கள்: நடுவர்களே விலைபோகும்போது ரசிகன் மட்டும் பண்போடு இருக்க வேண்டுமா? அந்த மோசடியைக் கண்டுபிடித்தது கூச்சல் அல்ல, எஃப்.பி.ஐ. விசாரணை. பிறகு லீக் அமர்த்திய வழக்கறிஞர் லாரன்ஸ் பெடோவிட்ஸின் 2008 அறிக்கை, மற்ற நடுவர்கள் இதுபோன்ற குற்றத்தில் ஈடுபட்டதற்குச் சான்று இல்லை என்றது. எஞ்சிய தவறுகளுக்கு ஆட்டத்தின் இயல்பே காரணம். 94 அடிக்கு 50 அடி மைதானத்தில் பத்து ஆஜானுபாகுவான ஆட்கள். ஒவ்வொரு நகர்விலும் உடலோடு உடல் உரசுகிறது. எந்த உரசல் குற்றம், எது ஆட்டத்தின் பகுதி என்பதை மூன்று பேர் கண் இமைக்கும் நேரத்தில் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டத்தில் சுமார் நாற்பது ஃபவுல்கள் அறிவிக்கப்படுகின்றன. ஊதாமல் விட்டவை தனிக் கணக்கு.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: கூச்சல் பலிக்கிறதே! ஆம், ஓரளவு பலிக்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆலன் நெவில் குழுவினர் 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். ஆனால் எதிரணியை அதிகமாகத் தண்டிக்கவில்லை. சொந்த ஊர் அணியைத் தண்டிக்கத்தான் தயங்கினார்கள். இந்தத் தயக்கத்தை உண்டாக்கியது ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுப்பிய பேரொலி. முன்வரிசையிலிருந்து ஒருவன் வீரனின் தாயைத் திட்டுவதால் விசில் மாறாது. எதிரணி வீரர் ஃப்ரீ த்ரோ எறியும்போது கூடைக்குப் பின்னால் பலூன் குழல்களை ஆட்டிக் கவனத்தைக் கலைப்பதை யாரும் தடுக்கவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் அதுவும் அடக்கம். துப்புவது அடக்கம் இல்லை.

அவநம்பிக்கைக்கு லீக் செய்ததில் உருப்படியானவை மூன்று. நியூஜெர்சியின் செகாகஸ் நகரில் காணொளி மறுபார்வை மையம் 2014-இல் வந்தது. 2015 மார்ச் முதல், நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை, ஊதாமல் விட்டவை உட்பட, சரி தவறு என்று பிரித்து மறுநாள் வெளியிடுகிறார்கள். 2019-20 பருவத்திலிருந்து பயிற்சியாளர் தீர்ப்பை மறுபார்வைக்குக் கேட்கலாம். இரண்டாவது ஏற்பாட்டைப் பலர் வெறுக்கிறார்கள்: முடிவு மாறாது, நடுவரைச் சந்தியில் நிறுத்துவதுதான் மிச்சம் என்கிறார்கள். 2016 கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் ஊதப்படாத ஒரு ஃபவுலால் பாதிக்கப்பட்டவர் கெவின் டூரன்ட். அறிக்கை அதை ஒப்புக்கொண்டபோது, நடுவர்களை இப்படிக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எரிச்சலோடு சொன்னவரும் அவரே. பெருந்தன்மைதான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. தவறை மறைத்து வைத்தால் அது சதியாகத்தான் வளரும். 2002 ஆட்டத்துக்கு நடந்தது அதுதான். 2023 ஜனவரியில் பாஸ்டனில் கடைசி நொடியில் லெப்ரான் ஜேம்ஸின் கையில் அடி விழுந்தும் விசில் வரவில்லை. சக வீரர் பேட்ரிக் பெவர்லி புகைப்படக்காரரின் கேமராவையே எடுத்துவந்து நடுவரிடம் காட்ட, அவருக்குக் கிடைத்தது டெக்னிக்கல் ஃபவுல். அன்றிரவே தலைமை நடுவர் தவறை ஒப்புக்கொண்டார். நடுவர் சங்கமும் பகிரங்கமாக வருந்தியது. ஒரு வாரம் பேசினார்கள், விட்டார்கள்.

குறை எஞ்சியிருப்பது வேறோரிடத்தில். நடுவர்களைப் பகிரங்கமாக விமர்சிக்கும் வீரர், பயிற்சியாளர், உரிமையாளர்மீது லீக் அபராதம் போடுகிறது. டாலஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபனுக்கு 2002-இல் மட்டும் 5 லட்சம் டாலர். ஆனால் மைதானத்தில் கையை விரித்து, வானத்தைப் பார்த்து, கூட்டத்தைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும் நட்சத்திரங்களின் நாடகத்தில் பெரும்பகுதி கண்டுகொள்ளாமல் விடப்படுகிறது. நிதானமான வாக்கியத்துக்குத் தண்டனை, உசுப்பிவிடும் சைகைக்குச் சலுகை. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு வழிவிட்ட பின், லீக்கே பந்தய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. விசில் கேட்டுத் துடிக்கிறவரின் சட்டைப்பையிலும் இப்போது ஒரு சீட்டு இருக்கலாம். இந்த நிலையில் ஆட்டம் முடிந்ததும் தலைமை நடுவரிடம் ஒரே ஒரு நிருபர் மட்டும் போய்ச் சில கேள்விகள் கேட்டு வரும் வழக்கம் போதாது. தோற்ற பயிற்சியாளர் கேமராக்கள் முன் உட்காரும் அதே மேசையில் நடுவரும் உட்கார்ந்து பதில் சொல்லலாம். இரண்டு நிமிட அறிக்கையை நாற்பத்தெட்டு நிமிடத்துக்கும் நீட்டலாம்.