விருந்தாளியும் போலீஸ்காரரும்



தைப்பூசம் நெருங்கும்போது நம் தோட்டத்து வீடுகளில் ஒரு பரபரப்பைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து பெரியப்பா மகன் வருகிறார், மாமா வருகிறார் என்று செய்தி வரும். பாய் தலையணைகளை வெயிலில் போடுவோம். பத்துமலைக்கு எப்போது போவது, பிரிக்பீல்ட்சில் எந்தக் கடையில் வேட்டி வாங்குவது, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் எங்கே சாப்பிடுவது என்றெல்லாம் திட்டம் போடுவோம். ஆனால் ஒன்றை மட்டும் மறந்துவிடுவோம். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்திக் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று வந்தவருக்குச் சொல்லித் தரமாட்டோம். நாமும் அப்படி மறந்தவர்தாம். அதனால் நம் குடும்பத்துக்கு நேர்ந்த நட்டத்தையும், அதன்பின் கற்றுக்கொண்ட பாடத்தையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நம் முதியவர்கள் போலீஸ்காரரை 'மாத்தா' என்று சொல்வது வழக்கம். மலாயில் மாத்தா என்றால் கண். ஊருக்குப் புதியவன் யார் என்று அந்தக் கண் முதலில் பார்க்கும். ஒரு காலத்தில் அந்தப் புதியவர்கள் நாமேதான். போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலை விட்டு இறங்கியபோது நம் தாத்தா பாட்டியின் கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு காகிதமும்தான். 1948-ஆம் ஆண்டு அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது வந்தது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. பிறந்து வளர்ந்த தோட்டத்தைவிட்டு எத்தனையோ குடும்பங்கள் அப்போது கப்பலேறிப் போயின. ஒரு காகிதம் இருப்பதும் இல்லாததும் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம்.

நம் பெரியப்பா மகன் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்திருந்தார். நமக்கு மூத்தவர், அண்ணன். வாழ்நாளில் முதல் முறையாக விமானம் ஏறியவர். பாஸ்போர்ட் தொலைந்துவிடுமோ என்று அஞ்சி, அதைப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு பிரிக்பீல்ட்சுக்குப் போனார். 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைக்கப்பட்ட வட்டாரம் அது. அங்கே தமிழ்ப் பேச்சும் பூக்கடையும் பாட்டும் இருப்பதால், சொந்த ஊரில் நடப்பதாகவே எண்ணிவிட்டார். அன்று அங்கே போலீஸ் சோதனை நடந்தது. பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். இவருக்கு மலாய் தெரியாது. "வீட்டில் இருக்கிறது" என்று தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

நமக்குத் தொலைபேசி வந்தது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம். போகும் வழியில் நாம் ஒரு காரியம் செய்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாஸ்போர்ட்டின் நடுவே ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை மடித்து வைத்தோம். யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்த அந்தப் போலீஸ்காரர், நோட்டு இருந்த பக்கத்தை அப்படியே நம்மிடம் திருப்பி, "சிக்கு, இதை எடுத்துவிட்டுக் கொடுங்கள்" என்றார். நாம் ஆசிரியர் என்று அண்ணன் அவரிடம் எப்படியோ சொல்லி வைத்திருந்தார்! தேதியையும் முத்திரையையும் பார்த்துவிட்டு, "இனி இதைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

அவமானமும் அச்சமும் சேர்ந்து வீட்டுக்கு வந்த நாம், அண்ணனுக்கு ஓர் உபதேசம் செய்தோம். "அண்ணே, இனிமே போலீஸ்னு யாராவது வந்து எதைக் கேட்டாலும் மறுபேச்சு பேசாம குடுத்துடுங்க" என்றோம்.

மூன்றாம் நாள் ஒரு கடைத்தெருவில் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சீருடை இல்லை. "போலீஸ்" என்றார்கள். அண்ணன் நாம் சொல்லிக் கொடுத்தபடியே செய்தார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தார், பணப்பையையும் கொடுத்தார். இருவரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் போலீஸே அல்ல. அண்ணி நகையை அடகு வைத்துக் கொடுத்தனுப்பிய பணம் அந்தப் பையில் இருந்தது.

போலீஸ் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்ட அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர்களிடம் காட் குவாசா கேட்டீர்களா?" நாம் தலைகுனிந்து நின்றோம். அண்ணனுக்கு நாம் கற்றுக்கொடுத்தது சட்டத்தை அல்ல, பயத்தை. பயந்தவனை ஏமாற்றுவது எளிது. இன்றைய பாடம் இதுதான்.

நேயர்களே, இப்போது ஏடும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பாஸ்போர்ட். நம் நாளிதழ்கள் கடப்பிதழ் என்று எழுதுவது இதைத்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர் அதைத் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். நகல் காட்டினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. நகல் ஒன்று வீட்டில் தனியாக இருக்கட்டும், தொலைந்தால் உதவும். 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் வரை தங்கலாம் என்று சலுகை அளிக்கப்பட்டது. இப்படிப்பட்ட சலுகை ஊர் சுற்றிப் பார்க்கவும் உறவினரைக் காணவும்தான். கடையிலோ உணவகத்திலோ வேலை செய்ய அது அனுமதி ஆகாது. நாள் கடந்து தங்குவதைக் குடிநுழைவுச் சட்டம் கடுமையாகப் பார்க்கிறது. 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு. 'இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போங்கள்' என்று விருந்தாளியை அன்போடு தடுப்பதற்கு முன் முத்திரையிலுள்ள தேதியைப் பாருங்கள்.

நமக்கும் இதே விதிதான். அடையாளக் கார்டை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போவது குற்றம். 'மைகார்ட்' 2001-ஆம் ஆண்டு வந்தது. பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் அதை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, நிறுத்தியவர் உண்மையில் போலீஸ்தானா என்பது. சீருடையில் இருந்தால் பெயரும் எண்ணும் சட்டையில் இருக்கும். சாதாரண உடையில் இருந்தால் காட் குவாசா என்னும் அதிகார அட்டையைக் காட்டும்படி கேட்கலாம். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் வைத்திருப்பது நீல நிற அட்டை. அதற்குக் கீழ் நிலையில் உள்ளவர்களுடையது மஞ்சள். துணைப்படைத் தொண்டர்களுக்கு வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் அவர் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர், அவருக்கு அதிகாரம் இல்லை. எப்படிக் கேட்பது? குரலை உயர்த்தாமல், "என்சிக், போலே சாயா தெங்கோக் காட் குவாசா?" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை விருந்தாளிக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். அண்ணனுக்கு இது தெரிந்திருந்தால் அண்ணியின் நகை திரும்பியிருக்கும்.

மூன்றாவது, காப்பிக் காசு. மலாயில் 'டுயிட் கோப்பி' என்பார்கள். இந்த வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மெக்சிக்கோ நாட்டில் இதற்கு 'மோர்டிடா' என்று பெயர். கடி என்று பொருள். அங்கே வாடகைக் காரில் செல்லும் வெளிநாட்டுப் பயணிகளைச் சாலையில் நிறுத்தி, 'அபராதத்தை இங்கேயே கட்டிவிட்டால் விட்டுவிடுகிறேன்' என்று கேட்பதாக நெடுங்காலமாகவே குறை சொல்லப்படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் அங்கே சொல்லும் யோசனை நமக்கும் பொருந்தும். சண்டை போடாதே. அபராதச் சீட்டை எழுத்தில் தரும்படி கேள். தேவையானால் நிலையத்துக்கே போய்க் கட்டுகிறேன் என்று சொல். தவறான எண்ணம் கொண்டவர் சீட்டு எழுதத் தயங்குவார். நேர்மையானவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ரசீது இல்லாத பணம் அபராதம் ஆகாது.

வாங்குபவர் மட்டுமே குற்றவாளி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளியே. இருபது ஆண்டு வரை சிறை உண்டு. அபராதமும் உண்டு: லஞ்சத் தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் கட்ட வேண்டும். அன்று நாம் பாஸ்போர்ட்டுக்குள் வைத்த ஐம்பது வெள்ளியை நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர் பெருந்தன்மையாக விட்டார். ஓர் ஆசிரியரின் பதவியும் மானமும் அன்று அவர் கையில் இருந்தன. யாரேனும் லஞ்சம் கேட்டாலும் அதைத் தெரிவிக்க வேண்டியது நம் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆணையத்தின் தொலைபேசி எண் 1800-88-6000.

நான்காவது, நிலையத்துக்கு அழைத்துப் போனால் என்ன செய்வது? "அடாகா சாயா டித்தாங்காப்?", அதாவது, 'நான் கைது செய்யப்பட்டேனா?' என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்று மலேசிய அரசியலமைப்பின் ஐந்தாவது விதி கூறுகிறது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. பெண்ணைச் சோதனை போடுவது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். குடியுரிமை இல்லாதவர் குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் பிடிபட்டால், அந்த 24 மணி நேரம் 14 நாளாகிறது. பெட்டிக்குள் பூட்டி வைத்த பாஸ்போர்ட்டின் விலை அவ்வளவு பெரியது.

வெளிநாட்டவர் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் செய்யலாம். 1963-ஆம் ஆண்டு வியன்னாவில் செய்துகொண்ட உடன்படிக்கையில் இந்த உரிமை இருக்கிறது. இங்கேயும் மெக்சிக்கோ நமக்கு ஒரு பாடம் தருகிறது. அமெரிக்காவில் கைதாகி மரண தண்டனை பெற்ற மெக்சிக்கோ நாட்டவர்களுக்காக அந்நாட்டு அரசு உலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவர்களில் 51 பேருக்கு இந்த உரிமையை அமெரிக்கா உரிய காலத்தில் எடுத்துச் சொல்லவில்லை என்று 2004-ஆம் ஆண்டு மார்ச்சில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் நாட்டில் பயணிகள் படும் தொல்லைக்குப் பேர்போன ஒரு நாடு, தன் மக்கள் அயல்நாட்டில் துன்பப்பட்டபோது அதே நியாயத்தைக் கேட்டு நின்றது. எங்கேயோ ஓரிடத்தில் எல்லோரும் அயலாரே.

அண்ணனுக்கு அந்தத் தூதரகம்தான் கைகொடுத்தது. முதலில் போலீஸ் புகார், அந்தப் புகாரின் நகலோடு கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகம், அங்கே ஊர் திரும்புவதற்கான அவசரச் சான்று, பிறகு குடிநுழைவுத் துறையின் அனுமதி. இந்த வரிசையை நினைவில் வையுங்கள். புகார் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது.

ஐந்தாவது, நம் பக்கத்து லயத்தில் இருப்பவர்கள். இன்று செம்பனைத் தோட்டங்களில் இந்தோனீசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். நம் தாத்தா நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். சிலருடைய பாஸ்போர்ட்டை முதலாளியோ ஏஜெண்டோ வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது உண்டு. வழியில் நிறுத்தப்பட்டால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்? ஒருவருடைய பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான காரணமின்றி மற்றவர் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

போலீஸ்காரர் எல்லோரும் கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தவரும் போலீஸ்காரர்தான், பொறுமையாகப் புகார் எழுதிக்கொண்ட அம்மையாரும் போலீஸ்தான். குறைகள் இல்லை என்றும் சொல்ல மாட்டோம். அவற்றை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைத் தந்தது. போலீஸ் நடத்தை பற்றிய புகார்களைக் கேட்கும் சுதந்திர ஆணையம் ஒன்று 2023 ஜூலை முதல் செயல்படுகிறது. முறையில்லாமல் நடத்தப்பட்டால் நாள், நேரம், இடம், அவருடைய எண், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வீதியில் வாதாடி வெல்ல முடியாது. எழுத்தில் கொடுத்த புகாருக்குப் பதில் கேட்கலாம்.

அண்ணன் ஊர் திரும்பி இப்போது நலமாக இருக்கிறார். அண்ணியின் நகையை மீட்க நாமும் மாதாமாதம் ஒரு தொகை அனுப்பினோம். தவறான பாடம் சொன்ன ஆசிரியர் கட்ட வேண்டிய அபராதம் அது என்று எண்ணிக்கொண்டோம். அடுத்த முறை அவர் வந்தால், காப்பி கொடுப்பதற்கு முன்பே அந்த மலாய் வாக்கியங்கள் இரண்டையும் சொல்லிக் கொடுப்போம். உங்கள் வீட்டு விருந்தாளிக்கும் அப்படியே செய்யுங்கள்.