எட்டு மணி நேரத் தேர்வு: எந்தக் கேள்வியை விடுவது?

வங்கியில் பணம் எடுக்கும் இயந்திரம், மருத்துவமனையின் பதிவு முகப்பு, டோல் சாவடியில் தொட்டுச் செல்லும் அட்டை. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு நெட்வொர்க் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டிக் காப்பவர்கள் நெட்வொர்க் பொறியாளர்கள். சைபர்ஜெயாவிலும் பினாங்கிலும் நம் பிள்ளைகள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். இவர்களில் பலர் ஒரு முறையாவது எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் தேர்வு ஒன்று உண்டு. அதன் பெயர் சி.சி.ஐ.இ.

சிஸ்கோ நிறுவனம் 1993ஆம் ஆண்டு தொடங்கிய சான்றிதழ் இது. முதலில் 120 நிமிட எழுத்துத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் செய்முறைத் தேர்வுக்கு உட்கார வேண்டும். அந்தச் செய்முறைத் தேர்வுதான் பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது. முழுதாக எட்டு மணி நேரம். கட்டணம் 1,600 அமெரிக்க டாலருக்குக் குறையாது. நம் பணத்தில் ஆறாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். பக்கத்தில் தேர்வு மையம் கிடைக்காதவர்கள் பெங்களூரு போன்ற நகரங்களுக்கு விமானம் ஏறவும் வேண்டும்.

இவ்வளவு செலவு செய்து, ஒரு வருடம் இரண்டு வருடம் படித்து, கையில் வேலை அனுபவமும் இருப்பவர்கள்தான் இந்தத் தேர்வுக்குப் போகிறார்கள். ஆனாலும் முதல் முயற்சியிலேயே தேறி வருபவர்கள் குறைவு. ஏன்?

என் நண்பர் ஒருவர் முதல் தடவை தோற்றுத் திரும்பிய வாரம் மாமாக் கடையில் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். "தெரியாத கேள்வியில நான் தோக்கல. தெரிஞ்ச கேள்வியிலதான் தோத்தேன்" என்றார். தேர்வுக் கேள்விகளை வெளியில் சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் எந்தக் கேள்வி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு சின்ன வேலையில் ஐம்பது நிமிடம் போய்விட்டது என்பதை மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் ஒரு நாளாகச் சுருங்கியது

ஆரம்ப காலத்தில் இந்தச் செய்முறைத் தேர்வு இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் நெட்வொர்க்கைக் கட்ட வேண்டும். அதில் போதிய புள்ளி எடுத்தவர்களுக்குத்தான் இரண்டாம் நாள். அன்று தேர்வாளரே வேண்டுமென்று புகுத்தி வைத்த பழுதுகளைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். 2001ஆம் ஆண்டு அது ஒரே நாளாகச் சுருங்கியது. அறிவோடு வேகமும் சோதிக்கப்படும் தேர்வாக அது மாறியது.

இப்போதைய அமைப்பு 2020இல் வந்தது. தேர்வில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி வடிவமைப்பு, மூன்று மணி நேரம். இதில் சாதனங்களைத் தொட முடியாது. ஒரு நிறுவனத்தின் தேவைகள், மின்னஞ்சல்கள், வரைபடங்கள் ஆகியவற்றைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது.

இரண்டாவது பகுதி ஐந்து மணி நேரம். இங்கேதான் ரவுட்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் கையால் அமைத்து, பழுது பார்த்து, ஓட வைக்க வேண்டும். இதில் முன்னும் பின்னும் போகலாம், எந்தப் பணியை முதலில் செய்வது என்பது உங்கள் விருப்பம். இரண்டு பகுதியிலும் குறைந்தபட்சப் புள்ளி எடுக்க வேண்டும், மொத்தத்திலும் தேற வேண்டும்.

பாதி செய்த பணிக்குப் பாதிப் புள்ளி என்ற பேச்சே இங்கே இல்லை. கேட்டது முழுதாக வேலை செய்தால் புள்ளி உண்டு. இல்லையென்றால் பூஜ்யம். எஸ்.பி.எம். கணிதத் தாளில் வழிமுறைக்குப் புள்ளி வாங்கிப் பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

ஒரு சின்னப் பிழை ஒரு மணி நேரத்தை விழுங்கும் கதை

தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓ.எஸ்.பி.எஃப். என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி விசாரித்துக்கொள்ளும் ஒரு முறை. இரண்டு ரவுட்டர்கள் அண்டை வீட்டாராகப் பழக வேண்டுமானால் சில விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பத்து விநாடிக்கு ஒரு தரம் வணக்கம் சொல்லும். நாற்பது விநாடி சத்தமே இல்லையென்றால் "ஆள் போய்விட்டார்" என்று முடிவு செய்துவிடும். வழக்கமான இணைப்புகளில் இதுதான் கணக்கு. ஒரு பக்கம் இந்தக் கணக்கை மாற்றிவிட்டு மறுபக்கம் மாற்றாமல் விட்டால் இரண்டும் பேசிக்கொள்ளாது.

இன்னொரு தொல்லை, ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் அளவு. இரண்டு பக்கமும் அது ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சு தொடங்கும், ஆனால் பாதியில் நின்றுவிடும். இந்த இரண்டாவது பிழை மிகவும் ஏமாற்றக்கூடியது. முதலில் அண்டை ரவுட்டர் திரையில் தெரியும். "சரி, கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும்" என்று காத்திருப்போம். வராது. போட்ட கட்டளையை அழித்துவிட்டு மறுபடியும் அதையே போடுவோம். அப்போதும் வராது. இந்தப் பாடத்தை அலுவலகத்தில் நூறு தடவை செய்திருப்போம், "எனக்குத் தெரியாததா?" என்று ஒரு வீம்பு வரும். தெரியாத கேள்வியாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டு நகர்ந்திருப்போம். தெரிந்த கேள்வியை விட மனம் வராது. நண்பர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மணி நேரம் என்பது 300 நிமிடம். முழுவதையும் ஒரு முறை வாசிக்க 15 நிமிடம், கடைசியில் சரிபார்க்க 40 நிமிடம் ஒதுக்கினால் மிச்சம் 245 நிமிடம். ஒரு பேச்சுக்கு 25 பணிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பணிக்குப் பத்து நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. ஒன்றில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்தால் வேறு நான்கு பணிகளின் நேரத்தைத் தின்றுவிட்டீர்கள். அந்த நான்கும் உங்களுக்குச் சுலபமானவையாக இருந்திருக்கலாம்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

வானொலியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரியாகப் பத்து மணிக்குச் செய்தி. அதற்கு முன் போகும் பாடல் நான்கு நிமிடம் இருபது விநாடி. அப்படியானால் 9 மணி 55 நிமிடம் 40 விநாடிக்குப் பாடல் தொடங்கியாக வேண்டும். முடிவு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் நாங்கள் பேசுவோம். பேச்சு நீண்டுவிட்டால் எதை வெட்டுவது என்பதையும் முன்பே தீர்மானித்து வைத்திருப்போம். ஒலிவாங்கி திறந்த பிறகு யோசித்தால் செய்தி காத்திருக்காது.

இந்தத் தேர்வுக்கும் அதே முறை பொருந்தும். முதலில் கடைசி 40 நிமிடத்தை ஒதுக்கிப் பூட்டி வையுங்கள். அது சரிபார்ப்புக்கு மட்டும். ஏனென்றால் தேர்வின் முடிவில் நெட்வொர்க் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத்தான் புள்ளி. இரண்டாவது பணியில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை இருபதாவது பணியில் போட்ட ஒரு கட்டளை சத்தமில்லாமல் உடைத்திருக்கலாம். அமைப்பைச் சேமிக்க மறப்பதும் இந்தக் கடைசி நேர அவசரத்தில்தான் நடக்கிறது.

அடுத்து, எது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். சுவிட்ச், விலேன் என்ற அடித்தளம் சரியில்லை என்றால் அதன்மேல் ஓ.எஸ்.பி.எஃப். நிற்காது. அது நிற்காவிட்டால் பி.ஜி.பி.யும் நிற்பது கடினம். ஆகவே பிறவற்றைத் தாங்கும் பணிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கலாம். தனியாக நிற்கும் பணிக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்து நிமிடப் பணி பதினைந்தைத் தொட்டால் குறித்து வைத்துவிட்டு எழுந்து போங்கள். திரும்பி வரும்போது அதே பிழை ஒரே பார்வையில் கண்ணில் படுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

வடிவமைப்புப் பகுதியில் இந்த "திரும்பி வருகிறேன்" செல்லாது. அங்கே தெரியாததற்கு உள்ளதில் சிறந்த பதிலைக் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டும். மதியம் ரவுட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு காலையில் எழுதிய பதிலை நினைத்தால் இரண்டும் போய்விடும்.

கை பழகியிருக்க வேண்டும்

இரண்டாவது பகுதியில் சிஸ்கோவின் ஆவணங்களைப் பார்க்க அனுமதி உண்டு. ஆனால் தேடு என்றதும் கொண்டுவந்து கொடுக்கும் வசதியை நம்பிப் போகாதீர்கள். எந்தத் தலைப்பு எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் இரண்டு நிமிடம். தெரியாவிட்டால் இருபது நிமிடம். நூலகத்தில் அலமாரி தெரிந்தவர் புத்தகம் எடுப்பதற்கும் புதிதாக வந்தவர் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பயிற்சியையும் கடிகாரத்தோடு செய்ய வேண்டும். வார நாளில் இரவு ஒரு மணி நேரம் படிப்பது அறிவைத் தரும். எட்டு மணி நேரம் உட்காரும் உடம்பை அது தராது. தேர்வுக்கு முந்திய மாதங்களில் சில சனிக்கிழமைகளையாவது முழுதாக ஒதுக்கி, காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, இடையில் சிறிய உணவு இடைவேளையோடு எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்குக் கண் சொக்குகிறது, எந்தப் பாடத்தில் நிதானம் போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தேர்வறைக்குப் போகுமுன்

• ஒவ்வொரு பணிக்கும் எவ்வளவு நேரம், எப்போது விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்.
• தாளில் மூன்று நிரல்கள் போடுங்கள்: செய்தது, சரிபார்த்தது, விட்டது.
• ஒவ்வொரு பணியும் முடிந்ததும் அமைப்பைச் சேமியுங்கள்.
• கேள்வியை இருமுறை வாசியுங்கள். கேட்காததைச் செய்வதும் நேர விரயம்தான்.
• வெளியூர்த் தேர்வென்றால் முந்திய நாளே போய்ச் சேருங்கள். இரவு விமானத்தில் இறங்கி நேராகத் தேர்வறைக்குப் போக வேண்டாம்.
• அன்று காலை பழக்கமான உணவையே பசியாறுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்த எட்டு மணி நேரத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மணி நேரம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி குடும்பத்தின் நேரம். திருமண விருந்துக்கு வராத மகன், ஞாயிற்றுக்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் மருமகள், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் பத்து மணிக்குமேல் கணினியைத் திறக்கும் கணவர். "எப்போதும் கம்ப்யூட்டர்தானா?" என்ற கேள்வி எழுவது நியாயம்தான். படிப்பவர் தன் கால அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கட்டும். எந்த நாள் தேர்வுக்கு, எந்த நாள் வீட்டுக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும். வீட்டுக்கென்று ஒதுக்கிய நாளில் அவரும் புத்தகத்தைத் தொடக் கூடாது.

முடிவு பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்துவிடும். தேறினால் தேறினீர்கள் என்று மட்டும்தான் வரும், எத்தனை புள்ளி என்று சொல்ல மாட்டார்கள். தேறாதவருக்கு எந்தப் பிரிவில் எவ்வளவு என்ற விவரம் கிடைக்கும். அந்தத் தாள் கையில் இருக்கும்போது "அவ்வளவு பணம் போச்சே" என்று தொடங்காதீர்கள். பணம் போனது அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு வாரம் கழித்து அதே தாளை எடுத்து, எந்த இடத்தில் நேரம் போனது என்று அவரையே சொல்ல விடுங்கள்.

என் நண்பர் அதைத்தான் செய்தார். தன் பயிற்சிக் கணினிக்குப் பக்கத்தில் சமையலறையில் முட்டை அவிக்கப் பயன்படும் சின்னக் கடிகாரத்தை வைத்துக்கொண்டார். பதினைந்து நிமிடத்தில் மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். அடுத்த தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மணி அடித்தவுடன் "அப்பா, நேரம் முடிஞ்சிருச்சு" என்று கத்தும் பொறுப்பை அவருடைய ஆறு வயது மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.